குடிக்கிற சாப்பாடு: வெள்ளவத்தையில் ஒரு கூழ்க் கடை

அம்மாவின் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிய பல் வைத்தியர், மூன்று நாட்களுக்குத் திரவ உணவு மட்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் துண்டைப் படித்த அம்மா, "அப்ப கூழ் குடிக்கலாம்" என்றார். குடிக்கப்படுவது எல்லாம் திரவம், கூழ் குடிக்கப்படுகிறது, ஆகவே கூழ் திரவம் என்பது அவரது வாதம். நண்டுக் காலும் பலாக்கொட்டையும் கிடக்கிற ஒரு பண்டத்தைத் திரவம் என்று எந்த வைத்தியர் ஒப்புக்கொள்வார் என்று கேட்டேன். அப்படியானால் கூழ் சாப்பிட்டேன் என்று யாராவது சொல்லி நான் கேட்டிருக்கிறேனா என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மூன்று நாட்களும் கஞ்சித் தண்ணீரோடு கழிந்தன. நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்ததாலும், இனி உறைப்புத் தாங்கும் என்று அம்மா தாமே தீர்ப்பளித்துவிட்டதாலும், கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வெள்ளவத்தையிலுள்ள ஒரு கூழ்க் கடைக்குப் போனேன். அன்று தொடங்கி ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கடைக்குப் போய்விட்டேன்.

கடையின் பெயரை எழுதாமல் விடுகிறேன். சொல்லவேண்டிய குறைகள் இரண்டு இருக்கின்றன. அவற்றுக்காக ஒரு சிறிய கடையின் பெயரை ஊரெல்லாம் இழுத்துவிட எனக்கு விருப்பமில்லை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ரயில் பாதைக்கு மிக அருகே இருக்கிறது என்பது போதும். எட்டு மேசைகள், இரண்டு மின்விசிறிகள், சமையலறையைப் பார்க்கக்கூடிய ஒரு திறந்த யன்னல். கரையோரப் பாதையில் ரயில் போகும்போதெல்லாம் மேசையிலுள்ள தண்ணீர்க் குவளையில் வட்டம் வட்டமாகச் சிற்றலை எழும். பக்கத்திலிருக்கும் கூழ்க் கோப்பையில் ஒன்றும் அசையாது. அம்மாவின் வாதத்துக்கு எதிராக நான் கண்ட முதலாவது சான்று அது.

இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் ருசி மட்டுமல்ல. யாழ்ப்பாணத்துச் சமையலில் கைப்பக்குவம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, ஒரு பண்டம் எவ்வளவு தண்ணீராக இருக்க வேண்டும், எவ்வளவு கட்டியாக இருக்க வேண்டும் என்பதை அறிந்து அந்த இடத்தில் நிறுத்துவதிலேயே இருக்கிறது. உப்பும் புளியும் கூடிக் குறைந்தால் மேசையிலேயே திருத்திக்கொள்ளலாம். இறுகிப்போன கூழையோ திரைந்துபோன சொதியையோ அங்கே ஒன்றும் செய்ய முடியாது. கொழும்பில் பல கடைகள் தவறுவது இந்த இடத்தில்தான். இந்தக் கடை, அதன் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுபவரைப் பொறுத்தவரை, பெரும்பாலும் தவறுவதில்லை.

முதலில் கூழ். பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து எடுத்த மாவில் ஒரு கசப்பு உண்டு. ஆகவே மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, அது அடியில் படிந்ததும் மேலே நிற்கும் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். கசப்புப் போகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இங்கே அதைப் பொறுமையாகச் செய்கிறார்கள் என்பது முதல் மிடறிலேயே தெரிகிறது. நாக்கின் அடியில் கசப்புத் தங்குவதில்லை. யன்னல் வழியாகப் பார்த்தால், பெரிய கிடாரத்தில் மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, ஒரு பிடி அரிசி எல்லாம் ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கின்றன. இந்த நிலையில் அது மீன் போட்ட தண்ணீர்தான், வேறொன்றுமில்லை. அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்ந்த கரைசலில் ஒடியல் மாவைக் கலந்து, சமைக்கும் அம்மா அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் துழாவும்போது, சில நிமிடங்களில் கிடாரத்தின் குணமே மாறிவிடுகிறது. கொதியின் ஓசை முதலில் மாறும். சலசலப்பு அடங்கி, பொத்துப் பொத்தென்று குமிழிகள் உடையும். மாவிலுள்ள மாப்பொருள் மணிகள் சூட்டில் தண்ணீரை உறிஞ்சி வீங்குவதால் நிகழ்கிற மாற்றம் அது. அகப்பையால் அள்ளி உயர்த்தி, அது விழுகிற விதத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மா அடுப்பைக் குறைக்கிறார். தண்ணீர் போலத் தெறித்து விழுந்தால் இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். கட்டியாகப் பொத்தென்று விழுந்தால் பிந்திவிட்டது. பட்டுத் துணியை மடித்து விடுவது போல, விழுந்த இடத்தில் ஒரு கணம் மடிப்பாக நின்று பிறகு கரைய வேண்டும்.

அந்த ஒரு கணத்தில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. திண்மத்துக்குத் திட்டமான வடிவமும் திட்டமான கனவளவும் உண்டு, திரவத்துக்குத் திட்டமான கனவளவு உண்டு ஆனால் திட்டமான வடிவம் இல்லை, கொள்கலத்தின் வடிவத்தையே அது எடுக்கும் என்று பாடசாலையில் விஞ்ஞானப் பாடத்தில் படித்திருக்கிறோம். கூழ் கோப்பையின் வடிவத்தை எடுக்கிறது, ஆகவே திரவம். ஆனால் அதன் மேற்பரப்பில், கூழை அள்ளிக் குடிக்கும் பிலாவிலையின், அதாவது பலா இலையின், நுனியால் ஒரு கோடு கீறினால், அந்தக் கோடு உடனே மறைவதில்லை. ஆகவே முழுத் திரவமும் அல்ல. மறுபுறம், காய்ந்த ஒடியல் மாவை ஒரு பேணியில் கொட்டினால் அதுவும் பேணியின் வடிவத்தைத்தான் எடுக்கிறது. ஆனால் மேலே மேடாகக் குவிந்து நிற்கும், தண்ணீரைப் போலத் தானாக மட்டமாகாது. மாவின் ஒவ்வொரு துகளும் ஒரு சிறு திண்மம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பொருட்களுக்குத் தோமஸ் கிரகாம் என்ற இரசாயனவியலாளர் 1861இல் பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஒரு பெயரை ஆக்கினார், அதுதான் கொலொயிட்டு. தமிழில் அதைக் கூழ்மம் என்கிறோம். கிரேக்கச் சொல் தச்சனின் பசைச் சட்டியிலிருந்து போனது. நம்முடைய சொல் அடுப்பிலிருந்து போனது. கலைச்சொல் ஆக்கியவர் பசியோடு இருந்திருப்பார் போலும்.

சொல்லைப் பற்றி எழுதத் தொடங்கியதால், இந்தக் கடையில் பரிமாறும் தம்பிமாரின் பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கச் சொல்வேன். "அண்ணை, சோறு போடட்டோ?" "கறி வைக்கட்டோ?" "சொதி விடட்டோ?" மூன்று வினைகளும் ஒருபோதும் இடம் மாறுவதில்லை. சொதி போடட்டோ என்று எவரும் கேட்பதில்லை. சோறு விடட்டோ என்று கேட்டால் சிரிப்பார்கள். போடுவது உதிரியான திண்மத்துக்கு, விடுவது ஓடுகிற திரவத்துக்கு, வைப்பது இரண்டுக்கும் இடைப்பட்டதற்கும், அளவாகக் கொடுக்க வேண்டியதற்கும். ஒரே பாலை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான்: பால் குடிக்கிறோம், அது உறைந்து தயிரானால் சாப்பிடுகிறோம், கடைந்து மோரானால் திரும்பவும் குடிக்கிறோம், திரண்டு வந்த வெண்ணெயைத் தின்கிறோம், அதை உருக்கிய நெய்யைச் சோற்றில் விடுகிறோம். மருந்துக் கடையிலும் குளிசையைப் போடுவதும் பாணி மருந்தைக் குடிப்பதும் வேறு வேறு. கறிகளின் பெயர்களே தண்ணீர் குறைகிற ஒழுங்கில்தான் நிற்கின்றன: சொதி, பால்கறி, குழம்பு, பிரட்டல், வறை. இந்தக் கடையின் விலைப்பட்டியலில் ஐந்தும் இந்த வரிசையிலேயே இருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் தட்டில் வரும்போது ஐந்தும் ஐந்தாகவே வருகின்றன. குழம்பு என்று சொல்லிச் சிவப்புத் தண்ணீரையும், பிரட்டல் என்று சொல்லிக் குழம்பையும் தருகிற கடைகளில் பல காலம் சாப்பிட்டவன் என்பதால் இதை ஒரு பெரிய தகுதியாகவே எழுதுகிறேன்.

பழந்தமிழில் இந்தக் கோடு இவ்வளவு அழுத்தமாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். திருக்குறளின் 93ஆம் அதிகாரத்தின் பெயர் கள்ளுண்ணாமை. கள் குடிப்பதற்கு அங்கே உண் என்ற வினைதான். குடிக்கும் நீர் உண்ணீர் என்றே வழங்கியது. இன்றோ கள்ளை உண்டேன் என்று யாராவது சொன்னால் நாடகம் பார்த்துவிட்டு வந்தவர் என்று நினைப்போம். ஆனால் கூழைப் பொறுத்தவரை பழமொழி அம்மாவின் பக்கம்தான் நிற்கிறது: கூழானாலும் குளித்துக் குடி. போதாக்குறைக்கு நம்முடைய பெரியவர்கள் சுருட்டையும் குடித்தார்கள். அந்தப் புகை திண்மமுமல்ல, திரவமுமல்ல.

புட்டும் இடியப்பமும் இங்கே நன்றாக இருக்கின்றன. புட்டு மாவைக் கையில் எடுத்துப் பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும் என்பது பழைய அளவுகோல். சுடுதண்ணீர் ஒரு கரண்டி கூடினாலும் அது புட்டாகாமல் களியின் பக்கம் போய்விடும், ஒரு கரண்டி குறைந்தால் தொண்டையில் தூசாக நிற்கும். ஆறு முறையில் ஐந்து முறை சரியாக இருந்தது. ஒரு முறை காய்ந்திருந்தது, அன்று மழை நாள், கூட்டமில்லை, புட்டு நெடுநேரம் திறந்து கிடந்திருக்க வேண்டும்.

சொதியைப் பற்றித் தனியாகச் சொல்லலாம். முதற்பால் எடுத்த பிறகு பிழியும் தண்ணியான தேங்காய்ப்பாலான கப்பிப்பாலில் வெங்காயமும் பச்சை மிளகாயும் மஞ்சளும் வெந்து, கடைசியில் முதற்பால் விட்டு, ஒரு கொதி வருமுன்பே இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பிறகு தேசிக்காய்ப் புளி விட வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே புளியை விட்டால் திரைந்துவிடும். தேங்காய்ப்பால் பார்வைக்கு ஒரே திரவம்போல் இருந்தாலும், உண்மையில் தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள் மிதந்துகொண்டிருக்கும் கலவைதான். புளியும் சூடும் சேர்ந்து தாக்கினால் அந்தச் சேர்க்கை குலைந்து, மேலே மணி மணியாகவும் கீழே தெளிந்த தண்ணீராகவும் பிரிந்து நிற்கும். இந்தக் கடையின் சொதி ஒருநாளும் திரையவில்லை. இடியப்பத்தின் மேல் விட்டதும் இழைகளுக்கு நடுவே இறங்கி, தட்டின் அடியில் தேங்காமல், இழைகளில் பாதியாவது ஊறி நிற்கிற அளவுக்குத்தான் தண்ணீராக இருக்கிறது. இரண்டாம் முறை விட்டதற்குக் காசு கேட்பதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பிளேன்ரீயும் ஒரு துண்டு பனங்கட்டியும் தருகிறார்கள். சீனியைக் கரைத்துத் தருவதைவிட இது நல்லது. இனிப்புக் கையில் திண்மமாகவே இருக்கிறது, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவைக் கடித்து, தேத்தண்ணியை வாயிலேயே இனிப்பாக்கிக்கொள்ளலாம். தயிர் சட்டியில் வருகிறது. மண் சட்டி தண்ணீரை உறிஞ்சுவதால் தயிர் இறுக்கமாக இருக்கிறது. சட்டியைச் சரித்துக் காட்டியே வைக்கிறார்கள்.

இனிக் குறைகள். கடையின் வாசலில், பகல் சாப்பாடு எடுப்பவர்களுக்குப் பானம் ஒன்று இலவசம் என்று ஒரு பலகை தொங்குகிறது. இரண்டாம் ஞாயிறு நான் சோறும் கூழும் எடுத்தேன். பற்றுச்சீட்டில் கூழ், பானங்கள் என்ற தலைப்பின் கீழ், தேசிக்காய்த் தண்ணீருக்கும் நெல்லி ரசத்துக்கும் நடுவே, 450 ரூபாய் என்று அச்சாகியிருந்தது. அப்படியானால் அது இலவசம்தானே என்று காசாளரிடம் கேட்டேன். அவர் உள்ளே குரல் கொடுக்க, கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அறுபதைத் தாண்டியவர். பற்றுச்சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, கூழ் எண்டது குடிக்கிற சாப்பாடு. பானமில்லை."

"அப்ப ஏன் ஐயா பானத்துக்குக் கீழ போட்டிருக்கு?"

"அது கொம்பியூட்டர் செய்து தந்த பெடியன் போட்டது. அவன் குடிக்கிறதெல்லாத்தையும் ஒண்டாப் போட்டிட்டான்."

அம்மாவும் அந்தப் பெடியனும் ஒரே கட்சி என்று அப்போது தெரிந்தது. கடைக்காரரின் விடை, நான் பல நாட்களாகத் தேடிக்கொண்டிருந்த விடையாக இருந்ததால், மேலே வாதாட மனம் வரவில்லை. உண்மையில் அவர் சொன்னது சரி. குடிப்பது என்பது வாய்க்குள் போகிற விதத்தைச் சொல்கிறது, பானம் என்பது எதற்காகக் குடிக்கிறோம் என்பதைச் சொல்கிறது. தாகத்துக்குக் குடிப்பது பானம், பசிக்குக் குடிப்பது சாப்பாடு. நோன்புக் கஞ்சியையும் இலைக்கஞ்சியையும் அப்படித்தான் குடிக்கிறோம். இருந்தாலும், கடையில் காசு கொடுக்கிறவருக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பலகையில் கூழ் தவிர என்று இரண்டு சொற்கள் எழுதினால் போதும். நான்கு வாரங்களுக்குப் பிறகும் எழுதப்படவில்லை, பற்றுச்சீட்டும் மாறவில்லை.

இரண்டாவது குறை பெரியது. பார்சல் எடுக்க வேண்டாம். அந்த முதல் ஞாயிறு அம்மாவுக்காக எடுத்த கூழை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் நிரப்பித் தந்தார்கள். பெட்டிக்கு 40 ரூபாய் தனியாக எடுத்தார்கள், தண்ணிச் சாமான்களுக்கெல்லாம் அப்படித்தான் என்றார்கள். பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. வீட்டில் மூடியைத் திறந்தபோது தண்ணிச் சாமான் எதுவும் உள்ளே இருக்கவில்லை. சூட்டில் வீங்கிய மாப்பொருள் ஆறும்போது இறுகும். ஒடியல் மாவில் அது இன்னும் இறுக்கமாக நிகழ்கிறது. அம்மா கரண்டியை நட்டார், கரண்டி நின்றது. பெட்டியைக் கவிழ்த்தோம், பெட்டியின் நான்கு மூலைகளும் விளிம்பின் வரியும் அப்படியே பதிந்த ஒரு கட்டி தட்டில் வந்து உட்கார்ந்தது, நடுவில் ஒரு நண்டுக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. திட்டமான வடிவம், திட்டமான கனவளவு. சுடுதண்ணீர் விட்டுக் கரைத்துப் பார்த்தோம். வெளியே தண்ணீரும் உள்ளே கட்டியுமாக வந்ததே தவிரக் கூழாக வரவில்லை. "இது கூழில்லை, களி" என்று சொல்லிவிட்டு அம்மா அதைச் சாப்பிட்டார். சாப்பிட்டேன் என்றுதான் பக்கத்து வீட்டு மாமியிடமும் சொன்னார். குடித்தேன் என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்துக்கொண்டேன்.

கடைக்காரர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அடுத்த முறை போனபோது, பார்சலுக்கு என்றால் கொஞ்சம் தண்ணியாகத் தாருங்கள் என்று கேட்டேன். சமைக்கும் அம்மா ஒரு சிறு சட்டியில் கூழை எடுத்து, கொதித்துக்கொண்டிருந்த புளித் தண்ணீர் அரை அகப்பை விட்டு இளக்கித் தந்தார். அது வீடு வந்து சேரும்போது சரியான பதத்தில் இருந்தது. கேட்டால் செய்யத் தெரிந்தவர்கள், கேளாமலே செய்ய வேண்டும் அல்லவா? தூரத்துக்குக் கொண்டு போகிறீர்களா என்று ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? இடியப்பப் பார்சலில் இந்தச் சிக்கல் இல்லை. சொதியை வேறாகக் கட்டித் தருகிறார்கள். புட்டும் அப்படியே தாங்கும். வறையும் பிரட்டலும் எவ்வளவு தூரமும் போகும்.

பரிமாறுகிறவர்கள் விரைவானவர்கள், மரியாதையானவர்கள். மேசைகள் சுத்தம். மின்விசிறிகளில் ஒன்று சத்தம் போடுகிறது. பிலாவிலை கேட்டால் தருகிறார்கள். ஈர்க்குக் குத்தி ஏற்கெனவே கோலி வைத்திருக்கிறார்கள். கோப்பையிலிருந்து குடிப்பதைவிட அதில் குடிப்பது நல்லது, ஏனென்றால் இலை ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான் அள்ளும், அதற்குள் ஆறிவிடும், பயிற்றங்காய்த் துண்டோ இறாலோ ஒன்றாவது ஒவ்வொரு முறையும் கூடவே வரும். மீசை வைத்திருப்பவர்கள் கைக்குட்டை கொண்டுபோவது நல்லது. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று சும்மா சொல்லவில்லை. நண்டு ஓடு போடுவதற்கு வேறு கிண்ணம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கூழ் ஞாயிற்றுக்கிழமை மட்டும். பதினொன்றரை மணிக்குக் கிடாரம் இறங்குகிறது. நேரம் போகப் போக அடியில் இறுகத் தொடங்குவதால் அவ்வப்போது சுடுதண்ணீர் விட்டு இளக்குகிறார்கள்; பதம் திரும்ப வந்தாலும் உறைப்பும் புளியும் அதற்கேற்பக் குறைகின்றன. ஆகவே பன்னிரண்டு மணிக்கு முன்னர் போய்விடுவது நல்லது. ஒரு மணிக்குப் பிறகு போகிறவர்கள் ஒரு கரண்டியும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.